கரும்பலகையில் ஏறிய பிறகு

ஹிராகுரி மொரிஹிரோ எந்தக் காகிதத்தையும் ஒரு தடவை படித்துவிட்டுக் கீழே வைக்கிற ஆள் இல்லை. திருப்பிப் பின்பக்கம் பார்ப்பான். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பான். நகராட்சி அனுப்பும் மாதச் சுற்றறிக்கையானாலும் சரி, குப்பை எடுக்கும் நாள் மாறியதென்று ஒட்டுகிற துண்டுச் சீட்டானாலும் சரி. பதினோரு வருஷத்துக் காகிதம் மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகளில் அவன் வீட்டு மாடியில் அடுக்கிக் கிடக்கிறது. மாடி ஏறினால் இன்னமும் மத்தி வாடை அடிக்கும்.

நாகிஹமா துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் அவனுக்கு முப்பத்து நாலு வருஷமாக வேலை. பார் பாராக இறங்கும் ஐஸை நொறுக்கிக் குழாய் வழியே படகுக்குள் விடவேண்டும். காலை பதினோரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். வயது ஐம்பத்திரண்டு. உயர்நிலைப் பள்ளியில் ஒரு வருஷம்கூட முழுசாக உட்காராதவன். பெண்டாட்டி பிரிந்துபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் அவனும் அண்ணன் குனியோவும் மட்டும்தான். குனியோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மதியத்தில் நகராட்சி ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ்.

மீதி நேரத்தில் ஹிராகுரி வலைப்பூ எழுதினான். 'ஐஸ்காரன் நோட்டு' என்று பேர். நகராட்சி மன்றத்தில் எவன் தூங்கினான், பாலத்துக்கு மூன்றாவது தடவையாக ஏன் பெயிண்ட் அடிக்கிறார்கள், இப்படி. முப்பதாயிரம் பேர் இருக்கிற ஊரில் தினம் எண்ணூறு பேர் படித்தார்கள். ஒருத்தரும் படிப்பதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மீன் சந்தையில் அவன் பக்கத்தில் வந்து நின்றால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

அதற்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நகராட்சி ஊழியர் ஒருத்தர் வேலை நேரத்தில் சூதாட்டக் கூடத்து வாசலில் ஆபீஸ் காரை நிறுத்துகிறார் என்று படத்தோடு எழுதினான். அந்தக் கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடம் முதியோர் இல்லம். அந்த மனிதரின் அம்மா அங்கே சாகக் கிடந்தாள். ஹிராகுரி மன்னிப்பு எழுதினான். பெட்டி நிறைய பேரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய் வாசலில் குனிந்து நின்றான். அவர் பெண்சாதி பேரிக்காயையும் வாங்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து நகராட்சியில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே வார்த்தைதான். "அது நிருபர் இல்லைங்க. ப்ளாக்."

ஹிராகுரிக்கு அது உள்ளே குத்தியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நகராட்சி அலுவலகத்தில் மூன்றாவது மாடியில் நிருபர்கள் அறை இருக்கிறது. பத்திரிகை, டிவி என்று ஏழு கம்பெனிக்கு ஏழு மேஜை, நடுவில் ஒரு பழைய சோபா, ஜன்னலோரம் தேநீர்க் கெட்டில், சுவரில் ஒரு கரும்பலகை. அறையை யார் நடத்துவது என்பது மாதா மாதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேயர் பேசுவதெல்லாம் அங்கேதான். நிருபர்கள் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவனுக்கு உள்ளே இடமில்லை. ஹிராகுரி ஒரு வருஷமாகக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தான். கேள்வி கேட்க மாட்டேன், பின்னால் ஒரு நாற்காலி போதும் என்று. நாலு தடவை ஓட்டெடுத்தார்கள். நாலு தடவையும் மாட்டோம் என்றார்கள்.

அங்கே அவனோடு மனிதத்தன்மையோடு பேசியது ஒரே ஆள். மாவட்டப் பத்திரிகையின் நிருபர் இனுபுஷி. முப்பத்தெட்டு வயதுப் பெண். காரிலேயே சாப்பிட்டு, காரிலேயே எழுதி, காரைக் குப்பைத்தொட்டி மாதிரி வைத்திருப்பாள். அவள் ஏன் தன்னோடு பேசுகிறாள் என்று ஹிராகுரிக்கு முதல் நாளிலிருந்தே ஒரு சந்தேகம்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், ஐஸ் கம்பெனிக்கு எதிரே லாரியை நிறுத்தி ரொட்டி தின்றுகொண்டிருந்த டிரைவரோடு பேச்சுக் கொடுத்தான். டயாலிசிஸ் மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவருகிற ஆள்.

"ஏப்ரல்லேருந்து இந்தப் பக்கம் வரமாட்டேன் அண்ணே. வேற ரூட்டு போட்டுட்டாங்க."

"உனக்குப் பதிலா யாரு?"

"யாரும் இல்ல. இந்த ஊருக்கு ஆர்டரே இல்லையாம்."

ரொட்டியை மென்றுகொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஹிராகுரிக்கு ஐஸ் நொறுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் காதில் விழவில்லை. அந்த ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் நாற்பத்தோரு பேர். இங்கே இல்லையென்றால் மலைக்கு அந்தப் பக்கம் தகாஓரிக்குத்தான் போகவேண்டும். நல்ல நாளில் ஒன்றே கால் மணி. பனி விழுந்தால் கணவாயில் எப்போது அடைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதில் வாரம் மூன்று நாள், போகவர.

அவன் அன்றைக்கே எழுதிவிடவில்லை. பேரிக்காய்ப் பெட்டி ஞாபகம் வந்தது. நூலகத்துக்குப் போனான். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வைக்கப்போகிற தீர்மானங்களின் கட்டு அங்கே யாரும் தொடாமல் கிடந்தது. பதினாலாம் பக்கத்தில் 'நகராட்சி ஆஸ்பத்திரிக் கட்டண விதிகளில் சிறு திருத்தம்' என்று ஒரு அட்டவணை. பழைய அட்டவணையை வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். பழையதில் இருபத்தாறு வரி. புதியதில் இருபத்தைந்து. காணாமல் போன வரி டயாலிசிஸ்.

கூட்டம் நவம்பர் முதல் புதன்கிழமை, காலை பத்து மணி.

இனுபுஷியை வழியில் பார்த்தபோது பொதுவாகக் கேட்பது போலக் கேட்டான்.

"ஒரு விஷயம் கையில சிக்கினா நீங்க நேரா எழுதிடுவீங்களா?"

"எதிர்ப்பக்கத்த கேக்காம எழுதமாட்டோம், ஹிராகுரி-சான். உங்களுக்கும் எங்களுக்கும் அதான் வித்தியாசம்." சிரித்தாள். "என்ன விஷயம்?"

"ஆஸ்பத்திரி" என்று வாயை விட்டுவிட்டான். அதற்குமேல் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முறைப்படி ஒரு கேள்விக் கடிதம் எழுதினான். ஏப்ரலிலிருந்து டயாலிசிஸ் நிறுத்தப்படுகிறதா, ஆமென்றால் நோயாளிகளுக்கு எப்போது சொல்வீர்கள், திங்கள் மாலை ஐந்துக்குள் பதில் வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினான். அனுப்பியபோது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

திங்கள் காலை பதினொன்றரைக்கு இனுபுஷி கூப்பிட்டாள்.

"ஹிராகுரி-சான், சங்கத்துல ஒத்துக்கிட்டாங்க! பார்வையாளரா உக்காரலாம். இந்த மாசம் எங்க பத்திரிகைதான் பொறுப்பு. ஒரு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுங்க."

"திடீர்னு எப்படி?"

"சந்தோஷப்படுங்களேன் ஒரு தடவையாவது!"

அண்ணனை ஆஸ்பத்திரியில் விட வண்டி எடுத்தபோது அவனிடம் சொன்னான். குனியோ வேட்டைநாய் மாதிரி மூக்கை உறிஞ்சினான்.

"டேய் மொரி, ஒரு வருஷமா வாசல்ல நிக்க வெச்சவன் இன்னைக்கு ஏன்டா பாய் விரிக்கிறான்? சட்டைப் பாக்கெட்ட தைச்சுக்கிட்டுப் போ."

"போன வாரம் குளிச்சேன்ல, அதான்."

"ஐஸ் வாடை அடிக்கிற நிருபர். பார்க்கறதுக்கு நான் உயிரோட இருக்கேன் பாரு" என்று குனியோ பல்லைக் காட்டினான்.

ஒரு மணிக்கு ஹிராகுரி கையெழுத்துப் போட்டான். காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டான். 'சங்கத்தின் ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்படுவேன்' என்று ஒரே வரி. தன் பேர் முத்திரையும் குத்தினான். பச்சைக் கயிற்றில் ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். சோபாவில் இருந்த டிவிக்காரன் கைதட்டினான். ஒருத்தர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கையில் சூடான கோப்பையோடு, எதிர்பாராமல் விருந்துக்கு அழைக்கப்பட்டவன் மாதிரி ஹிராகுரி விழித்துக்கொண்டு நின்றான்.

தேநீர் ஆறுவதற்குள் கதவு திறந்தது. நகராட்சி மக்கள் தொடர்புப் பிரிவின் தலைவர் ஓட்சுபோ. எப்போதும் எண்ணெய் தடவிச் சீவின தலை, எப்போதும் ஒரே சிரிப்பு. நேராகக் கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்து எழுதினார்.

'வியாழன், பிற்பகல் 2 மணி. மேயர் பேட்டி. நகராட்சி ஆஸ்பத்திரியின் பணிகள் குறித்து.'

கைத்தூசியைத் தட்டிவிட்டுத் திரும்பினார். "ஹிராகுரி-சான்! இனிமே நீங்களும் நம்ம ஆளு. பலகை விஷயம் தெரியும்ல?"

தெரியும். அந்த ஊரில் வலைப்பூ எழுதுகிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா. பலகையில் ஏறிவிட்ட விஷயத்தை, அங்கே போட்டிருக்கிற நாளும் நேரமும் வரும்வரை எந்தக் கம்பெனியும் எழுதக்கூடாது. முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தவனும் எழுதக்கூடாது. எத்தனையோ வருஷமாக இருக்கிற ஒப்பந்தம். மீறினால் மூன்று மாதம் அறைக்கு வெளியே. ஒருவனை ஒருவன் முந்திக்கொண்டு அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அப்படி வைத்தார்கள் என்பார்கள். இருக்கலாம்.

மன்றத்தில் ஓட்டு புதன்கிழமை. பேட்டி வியாழக்கிழமை.

ஹிராகுரி பலகையைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். ஓட்சுபோவின் சிரிப்பைப் பார்த்தான். கடைசியாக இனுபுஷியைப் பார்த்தான். அவள் குனிந்து கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடவேண்டியது ஒன்றும் அதில் இருந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை அவன் சொன்னது அவள் ஒருத்தியிடம்தான்.

அன்று சாயங்காலம் குனியோ ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஓடேன் என்கிற காய்கறிக் குழம்புச் சட்டியிலிருந்து முள்ளங்கியை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தான். சாற்றைத் தொடமாட்டான். தண்ணீருக்கு அளவு.

"என்ன நிருபரய்யா, மூஞ்சி உப்பிக் கிடக்கு? அது என் வியாதியாச்சே."

ஹிராகுரி அண்ணனிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். லாரியிலிருந்து பலகை வரை எல்லாவற்றையும் சொன்னான். குனியோ குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"அதான் அந்த யுனோகி நர்சு ரெண்டு வாரமா என் மூஞ்சியப் பார்க்கல. நான் ஏதோ சீக்கிரம் சாகப்போறேன்னு நெனச்சேன்."

"எழுதிடறேன் அண்ணே."

"எனக்காகவா?"

"பின்ன?"

"அப்ப எழுதாத." குனியோவின் குரல் கடுகடுவென்று வந்தது. "அண்ணன் மூத்திரத்துக்காகக் கத்துறான்னுவாங்க. அந்தக் கார் விஷயத்தை எடுத்துப் போட்டு, இவன் சொல்றது எல்லாமே இப்படித்தான்னுவாங்க. இன்னும் நாப்பது பேரு இருக்கான். அவனுக்காக எழுதுறதா இருந்தா எழுது. என் பேச்ச எடுக்காத."

"எடுக்கலேன்னாத்தான் மறைச்சேன்னுவாங்க."

"அதுவும் சரிதான்" என்று குனியோ மறுபடியும் முள்ளங்கியை எடுத்தான். "சனியன் புடிச்ச வேலைடா உன் வேலை."

செவ்வாய் மதியம் ஹிராகுரி நகராட்சி வாகன நிறுத்தத்தில் இனுபுஷியின் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். தானியங்கி இயந்திரத்தில் காப்பி டப்பா எடுத்துக்கொண்டு அவள் வந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சாகணும். நீங்கதானே சொன்னது?"

"எதை?"

"ஆஸ்பத்திரி விஷயம் என்கிட்ட இருக்குன்னு ஓட்சுபோகிட்ட."

அவள் காப்பி டப்பாவைத் திறக்காமல் நின்றாள். "எந்த விஷயம் உங்ககிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது. நீங்கதான் சொல்லலையே. எதிர்ப்பக்கத்தைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஃபேக்ஸ் அனுப்பினேன்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்."

இனுபுஷி கண்ணை மூடித் திறந்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்சுபோ-சான் எங்க அறைக்கு வந்தார். 'அந்த ஐஸ்காரரை இன்னும் எத்தனை நாள் வெளியே நிக்க வெப்பீங்க, பாவம்'னார். ஏழு கம்பெனியில ஆறு கை தூக்கிச்சு."

ஹிராகுரிக்குப் புரிந்தது. ஆக, காட்டிக்கொடுத்தது அவனேதான். முறைப்படி, தேதி போட்டு, பேர் போட்டு, பதில் எப்போது வேண்டும் என்றும் எழுதி. பழைய ஹிராகுரியாக இருந்திருந்தால் கேட்காமல் எழுதித் தொலைத்திருப்பான். நிருபர் மாதிரி நடக்கப் பார்த்ததால்தான் மாட்டிக்கொண்டான்.

"உங்க கையும் தூக்கிச்சா?"

"தூக்கிச்சு. ஒரு வருஷமா தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு."

"எனக்குச் சொல்லலையே?"

"காரணம் தெரியல. பலகையில எழுதினப்புறம்தான் புரிஞ்சுது."

"புரிஞ்சுதுல்ல? நீங்க எழுதுங்களேன் அப்போ. பெரிய பத்திரிகை."

"பலகையில ஏறிடுச்சு, ஹிராகுரி-சான். மீறினா எங்க பத்திரிகைய மூணு மாசம் வெளியே தள்ளிடுவாங்க. ஆசிரியர் விடமாட்டார்." டப்பாவைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "சங்கத்துக்கு வெளியே யாராவது எழுதிட்டா, எங்க கட்டு தானா அவிழ்ந்துடும். அதுவும் ஒப்பந்தத்துல இருக்கு."

"வெளியே யாரு இருக்கா?"

"நேத்து ஒரு மணி வரைக்கும் ஒருத்தர் இருந்தாரு."

ஹிராகுரி அவள் முகத்தையே பார்த்தான். இவள் வழி காட்டுகிறாளா, ஆள் தேடுகிறாளா? அவன் முதலில் குதிக்கவேண்டும். பிறகு ஏழு பேரும் நனையாமல் நடந்து வருவார்கள்.

"எனக்கு என்ன ஆகும்?"

"திரும்ப உள்ளே விடமாட்டாங்க. ஆனா நீங்க ஒரு நாள்தானே உள்ளே இருந்தீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஹிராகுரி திரும்பி மாடிப்படி ஏறினான்.

ஓட்சுபோவின் மேஜையில் பச்சைக் கயிற்று அட்டையை வைத்தான். கூடவே ஒரு தாள். 'சங்கத்தின் பார்வையாளர் இடத்திலிருந்தும் அதன் ஒப்பந்தங்களிலிருந்தும் இன்று விலகுகிறேன்.' கீழே முத்திரை.

"என்ன இது, ஹிராகுரி-சான்? உடம்பு சரியில்லையா?"

"வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை குத்துங்க. மணியும் போடுங்க."

"நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்..."

"நமக்குள்ளன்னுதான் கேக்கறேன்."

ஓட்சுபோவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "டாக்டர் கிடைக்கலய்யா. பல்கலைக்கழகம் அனுப்ப மாட்டேங்குது. மேயர் மட்டும் என்ன பண்ணுவாரு? முறையா, நிதானமா, ஒரே வாயில சொல்லணும்னுதான் வியாழக்கிழமை. நீங்க பாட்டுக்கு எழுதி நாப்பது நோயாளிய நடுங்க வெப்பீங்களா?"

"நாப்பத்தொண்ணு. அதுல ஒண்ணு என் வீட்ல இருக்கு. ஓட்டு முடிஞ்சப்புறம் நடுங்கி என்ன லாபம்?"

முத்திரை விழுந்தது. மூன்று இருபது. ஹிராகுரி அந்தப் பிரதியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தான்.

நாலரை மணிக்கு எழுதிப் போட்டான். இரண்டு அட்டவணையையும் படமெடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். கேள்வி அனுப்பியதையும், திங்கள் ஐந்து மணி தாண்டியும் பதில் வராததையும் எழுதினான். டாக்டர் கிடைக்கவில்லை என்று ஓட்சுபோ சொன்னதையும் போட்டான். கடைசியில், 'என் அண்ணன் அங்கே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். இதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்' என்று சேர்த்தான். லாரிக்காரனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அடுத்த நாள் காலை ஐஸ் கம்பெனிக்கு வந்த பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அது இருந்தது. மாவட்டப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில், இனுபுஷி பேரோடு. 'நேற்றுத் தெரியவந்தது' என்று போட்டிருந்தார்கள். எப்படித் தெரியவந்தது, யார் சொல்லித் தெரியவந்தது என்று ஒரு இடத்திலும் இல்லை. ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த ஒருத்தன், "அட, நீ எழுதினதைத்தான் இவங்களும் போட்டிருக்காங்க" என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

மன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் முப்பது இடம்தான். அன்றைக்கு மடிப்பு நாற்காலி தேடி ஊழியர்கள் ஓடினார்கள். கையில் பிளாஸ்திரியோடு வந்தவர்கள், மனைவிமார்கள், தகாஓரிக்கு டாக்சி ஓட்டுகிற ஒருத்தன்கூட. வேலையைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு வந்த ஹிராகுரிக்குக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. ஆளுங்கட்சிக்காரர்களுக்கே முழு விஷயம் தெரிந்திருக்கவில்லையோ, தெரியாதது போல இருந்தார்களோ, எழுந்து எழுந்து மேயரைக் கேட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முன்பு, இதை இன்னும் ஆராயவேண்டும், அடுத்த கூட்டம்வரை நிறுத்திவைப்போம் என்று முடிவாயிற்று. நின்றுபோய்விடவில்லை. தள்ளிப்போயிற்று, அவ்வளவுதான்.

நடைபாதையில் ஓட்சுபோ காத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"சொல்லமாட்டேன்."

"நிருபர்னா கேக்கமாட்டேன், ஹிராகுரி-சான். தகவல் குடுத்தவரை அவங்க சொல்லவேண்டியதில்ல, கோர்ட்டே ஒத்துக்கிடுது. ஆனா நீங்க நிருபர் இல்லைன்னு நேத்து மூணு இருபதுக்கு எழுதிக் குடுத்தீங்களே. நானே முத்திரை குத்தினேன்."

மணி போடச் சொன்னதே ஹிராகுரிதான்.

"சங்கத்துல இல்லேன்னுதான் எழுதினேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். யுனோகி நர்சுதானே? வாரம் மூணு நாளு அண்ணனைக் கொண்டுவிடப் போறீங்க. நாளைக்கு அந்தம்மாவ நிர்வாகத்துல கூப்பிட்டு விசாரிக்கப்போறாங்க."

"அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லல."

"அப்ப யாரு?"

லாரி நம்பரே ஹிராகுரியின் நாக்கில் இருந்தது. சொன்னால் நர்ஸ் தப்பிப்பாள், ரொட்டி தின்றவன் வேலை போகும்.

"பதினாலாம் பக்கம். நீங்கதான் அச்சடிச்சு நூலகத்துல வெச்சீங்க. போய் வரி எண்ணுங்க."

"வரி எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? இதை நம்பச் சொல்றீங்க?"

"அந்தக் கட்டு எங்க ஏழு மேஜையிலயும் பத்து நாளா கிடந்துச்சு, ஓட்சுபோ-சான்" என்றது ஒரு குரல். இனுபுஷி. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "நாங்க ஒருத்தரும் பிரிக்கல. பிரிச்சவருக்குத் தெரிஞ்சுது. அதுக்கு நர்சு எதுக்கு? அப்படி விசாரிச்சா அதையும் நாங்க எழுதவேண்டி வரும்."

ஓட்சுபோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் இரண்டு பேரும் ஆரம்பத்திலிருந்தே கூட்டு என்று அவர் முடிவு கட்டிக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனுபுஷி அவனோடு படி இறங்கினாள். பாதிப் படியில் குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, அந்தப் பக்கத்தைத் தேடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? யாராவது சொல்லாம தோணாதே."

ஹிராகுரி நின்றான். இதற்குத்தானா அங்கே வாயைத் திறந்தாள்?

"நான் உங்களைக் கேட்டா சொல்வீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப வண்டியப் பார்த்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனான்.

வீட்டுக்குப் போய் அண்ணனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மணி ஒன்று பத்து. பத்து நிமிஷம் தாமதம் என்று குனியோ வழியெல்லாம் திட்டினான். படுக்கைகளில் இருந்த ஆட்கள் ஹிராகுரியைப் பார்த்ததும் தலையைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். ஒருத்தர் கையைத் தூக்கினார். வேறு ஒருத்தர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

யுனோகி நர்ஸ் ஊசியை எடுத்து வைத்தாள். நாற்பது தாண்டிய, கை நடுங்காத பெண். குனியோவின் கையைத் துடைத்துக்கொண்டே, ஹிராகுரியைப் பார்க்காமல் பேசினாள்.

"காலையில நிர்வாகத்துலேருந்து போன் வந்துச்சு. உங்ககிட்ட என்ன பேசினேன்னு கேட்டாங்க."

"நான் யாரு பேரையும் சொல்லல, யுனோகி-சான்."

"நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையே. சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"அதைத்தான் ஓட்சுபோகிட்டயும் சொன்னேன்."

"அதை எத்தனை பேரு நம்புவாங்க?"

ஹிராகுரி கணக்குப் போட்டுப் பார்த்தான். நாளைக்கு அவளைக் கூப்பிட்டால், அவளுக்காக எழுதினாலும் கெடுதல், எழுதாமல் விட்டாலும் கெடுதல்.

"இப்படித்தான் அண்ணன் தம்பி ரெண்டு பேரும், பொம்பளப் புள்ளைய வம்புல மாட்டி விட்டுட்டு நிப்போம்" என்றான் குனியோ, கூரையைப் பார்த்துக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை.

யுனோகி ஊசியை ஏற்றினாள். ரத்தம் குழாயில் ஏறியது, இயந்திரத்தின் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. ஊசிமேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, நேரத்தைத் தாளில் குறித்தாள்.

"வெளியாட்கள் வராந்தாவுல இருக்கணும்" என்றாள்.

ஹிராகுரி வராந்தாவுக்குப் போனான். இத்தனை வருஷத்தில் அவள் அவனை வெளியே போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.